வழிப்போக்கன் பட்ட கடன்

உலக மக்களைப் பற்றி அரசுகள் கூறும் செய்தி ஒன்று. உலகைத் தன்னந்தனியே சுற்றி வந்தவர்கள் கூறும் செய்தி வேறொன்று. "அயலான் ஆபத்தானவன், அவன் பையைச் சோதனையிடு, கடவுச்சீட்டை வாங்கிப் பார், வேலியை இன்னும் உயர்த்து" என்கின்றன அரசுகள். "அயலான் தண்ணீர் தந்தான், படுக்கப் பாய் தந்தான், கூலி கேளாமல் வழி காட்டினான்" என்கின்றனர் பயணிகள். இவ்விரண்டில் எதை நம்புவது? இது பொழுதுபோக்குக்காக எழுப்பும் கேள்வியன்று. இதற்கு நாம் அளிக்கும் விடையைப் பொறுத்தே நாடுகளின் எல்லைகளில் மனிதர் வாழ்வதும் மடிவதும் தீர்மானமாகின்றன.

சட்டத்தைத் தொழிலாகக் கொண்ட நாம் சாட்சியங்களை நிறுத்துப் பார்க்கப் பழகியவர்கள். கேள்விப்பட்டவனின் பேச்சைவிட அனுபவித்தவனின் வாக்குமூலத்துக்கே மன்றில் மதிப்பு. ஆதலின், மோட்டார் சைக்கிளில் தனியாளாய் நாடு கடந்து நாடு சென்றவர்களின் அனுபவத்தை இங்கு எடுத்துக்கொள்வோம். அவர்களைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு.

விமானத்திற் பறப்பவன் அயலாரைச் சந்திப்பதில்லை. காசுக்குப் பணி செய்வோரையே சந்திக்கின்றான். காரிற் செல்பவன் கண்ணாடிக்குள் அமர்ந்து கதவைப் பூட்டிக்கொள்ளலாம். இருவராய்ச் செல்பவர் ஒருவரையொருவர் தாங்குவர். மோட்டார் சைக்கிளில் தனியே செல்பவனுக்கோ சுவரும் இல்லை, கூரையும் இல்லை, துணையும் இல்லை. மழை அவன் தலைமீதே பெய்கின்றது; புழுதி அவன் முகத்திலேயே படிகின்றது. மூட்டை முடிச்சுகளோடு சரிந்து விழுந்த வண்டியை ஒருவன் தனித்து நிமிர்த்துவது எளிதன்று. பெற்றோல் நினைத்த இடத்திற் கிடைப்பதில்லை. சக்கரத்தில் ஆணி ஏறினால் வெயிலில் உட்கார வேண்டியவன் அவனே. இரவில் வண்டியைத் தெருவில் விட்டுவைத்தால் காலையில் அது இருக்குமென்பதற்கு உறுதியில்லை. ஆகையால் உறங்க அவனுக்கு ஒரு திண்ணை வேண்டுவதுபோல் வண்டிக்கும் ஒரு முற்றம் வேண்டும். சுருங்கக் கூறின், நாள்தோறும் முன்பின் அறியாத ஒருவரிடம் ஏதேனும் ஒன்றைக் கேட்டே தீரவேண்டியவன் அவன். உலகம் உண்மையிற் பொல்லாததாயின் முதற் பலி அவனாகவே இருத்தல் வேண்டும். அவன் உயிரோடு திரும்புகின்றான் என்பதே ஒரு சாட்சியம்.

நான்கு சாட்சிகள்

முதற் சாட்சி ரொபேட் எடிசன் ஃபுல்ரன் என்னும் அமெரிக்க இளைஞர். வியன்னாவிற் கட்டடக்கலை பயின்றவர். 1932 இல் இலண்டன் விருந்தொன்றில், "கப்பலில் ஊர் திரும்புகின்றீரோ?" என ஒரு பெண்மணி வினவ, "இல்லை, மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றி வரப்போகின்றேன்" எனத் தம்மையறியாமலே விடையிறுத்தார். அதே மேசையில் இருந்தார் டக்ளஸ் மோட்டார் சைக்கிள் கம்பனியைச் சேர்ந்த ஒருவர். வண்டி தருகின்றோம் என்றார் அவர். வீம்புக்குச் சொன்ன சொல் விரதமாயிற்று. துருக்கி, சிரியா, ஈராக், இந்தியா, இந்தோசீனா, சீனா, ஜப்பான் என ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு திரிந்து, 1933 டிசம்பரில் வீடு சேர்ந்தார். துருக்கியிற் சிறைக்கூடத்திலும் படுத்தார். இந்தியச் சிற்றரசர்களின் மாளிகையிலும் படுத்தார். 1937 இல் அப்பயணத்தை நூலாக்கினார்.

இரண்டாம் சாட்சி ரெட் சைமன் என்னும் ஆங்கிலப் பத்திரிகையாளர். 1973 ஒக்டோபர் 6 ஆம் நாள், எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலோடு போர் தொடங்கிய அதே நாளில், 500 சி.சி. ட்றயம்ப் வண்டியில் இலண்டனை விட்டுப் புறப்பட்டார். அவர் போக வேண்டிய வழி எகிப்தின் ஊடாக. போர் என்று திரும்பிவிடவில்லை, சென்றார். நான்கு ஆண்டுகள், 45 நாடுகள், 64,000 மைல்கள். இந்தியாவில் ஒரு திருமண வீட்டில், முன்பின் அறியாத ஒருவர் அவரைப் பார்த்து, "நீர் வியாழன்" என்று குறி சொன்னார். வந்தவனுக்கு மணவீட்டில் இடங்கொடுத்த மக்கள், வான மண்டலத்திலும் அவருக்கு ஓர் இடங்கொடுத்தனர். 1979 இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயரில் இன்றும் அந்த வியாழன் நிற்கின்றான். இதே மனிதரைப் பிரேசிலில் ஒற்றன் என ஐயுற்று அடைத்துவைத்தது பொலிஸ். ஊர் மக்கள் அவரிற் கண்டது விருந்தாளியை. அரசு கண்டது ஒற்றனை. இந்த வேறுபாட்டை வாசகர் மனத்திற் குறித்துக்கொள்க.

மூன்றாம் சாட்சி ஆன்-பிரான்ஸ் டோத்வில் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி. அதே 1973 இல், 125 சி.சி. கவசாக்கி வண்டியில் தனியே உலகைச் சுற்றினார். ஜப்பானும் இந்தியாவும் கடந்து, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி வழியே ஐரோப்பா மீண்டார். தனித்த ஒரு பெண், துணையின்றி, படையின்றி, ஆப்கானிஸ்தானத்து மலைப்பாதையில் ஒரு சிறு வண்டியிற் சென்று பத்திரமாய்த் திரும்பினார் என்பதை இன்றைய இளைஞர்கள் நம்பவும் தயங்குவர். ஆயினும் இது நடந்தது.

நான்காம் சாட்சி எல்ஸ்பெத் பியேட். இலண்டனிற் கட்டடக்கலை மாணவியாயிருந்தவர். 1982 இல் இருபதுகளின் தொடக்கத்திலே புறப்பட்டு, 1984 இல் வீடு திரும்பினார். பழைய பி.எம்.டபிள்யூ. வண்டி, 35,000 மைல்கள். சிங்கப்பூரில் அவருடைய கடவுச்சீட்டும் பத்திரங்களும் களவு போயின. அவற்றை மீண்டும் பெற வாரக் கணக்கில் அலுவலகப் படிகளை ஏறி இறங்கினார். பின்னர் தாய்லாந்தில் வீதியின் குறுக்கே ஓடிவந்த நாயில் மோதி விழுந்து காயமுற்றார். அங்கிருந்த ஏழைக் குடும்பமொன்று அவரைத் தூக்கிச் சென்று, உடல் தேறும்வரை தன் குடிலில் வைத்துப் பராமரித்தது. அவர் மொழி அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் மொழி அவருக்குத் தெரியாது. உண்ணக் கொடுக்கவும் புண்ணைக் கழுவவும் மொழி எதற்கு? கடவுச்சீட்டை மீட்க அலுவலகங்களுக்கு வாரங்கள் தேவைப்பட்டன. காயம்பட்டவளை வீட்டுக்குள் எடுக்க அக்குடும்பத்துக்கு ஒரு கணம் போதியதாயிற்று.

இவை தற்செயலான நிகழ்ச்சிகள் அல்ல. இப்பயணிகள் நடந்த நாடுகளிலெல்லாம் வழிப்போக்கனுக்கென்றே வகுத்த வழக்கங்கள் உண்டு. சொல்லாமல் வந்து கதவைத் தட்டுபவனைத் துருக்கியர் 'இறைவனின் விருந்தாளி' என்பர். பட்டாணியரின் எழுதாச் சட்டத்தில் விருந்தோம்பல் முதன்மையான கடமைகளுள் ஒன்று. சீக்கியரின் குருத்துவாராவில் வந்தமர்ந்தோர் எவர்க்கும் சோறு. பெயரைக் கூடக் கேட்பதில்லை. நம் முன்னோர் மட்டும் இதற்குப் பிந்தினாரல்லர். 'விருந்து' என்னும் தமிழ்ச் சொல்லின் பழம் பொருள் புதுமை. உறவினனுக்கு இடும் உணவு அன்று விருந்து எனப்படவில்லை. புதிதாய் வந்தவனே விருந்து. யாழ்ப்பாணத்து வீதியோரங்களில் மடமும் கேணியும் சுமைதாங்கியும் அமைத்தவர்கள் அவற்றில் இளைப்பாறுவோரின் முகத்தைக் கண்டவரல்லர். பருத்தித்துறையில் வீதியின் மேலேயே கூரை வேய்ந்து நிற்கும் தெருமூடி மடம் இன்றும் இதற்குச் சான்று.

குறுக்கு விசாரணை

எதிர்த்தரப்பார் சும்மா இருப்பரோ? அவர்களுடைய வினாக்களையும் நேர்மையோடு எடுத்து நோக்குவோம்.

"திரும்பி வந்தவர்களே நூல் எழுதினர், திரும்பாதவர் வாய் திறப்பதெங்ஙனம்?" என்பது முதல் வினா. நியாயமான வினாவே. வழியிற் கொடுமைகள் நேர்வதில்லை என நாம் வாதிக்கவில்லை. 2024 மார்ச்சில், இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில், மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றிவந்த வெளிநாட்டுத் தம்பதியர் இரவில் கூடாரமடித்துத் தங்கியவிடத்து, ஒரு கும்பல் அப்பெண்மணிக்கு இழைத்த கொடுமையை உலகறியும். அதை மறைப்பது பொய்ச்சாட்சியமாகும். ஆயின், அவ்வளவு துன்பத்தின் பின்னும் அவர் உரைத்தது யாது? தாம் குற்றஞ்சாட்டுவது குற்றவாளிகளையே. இந்திய மக்களையன்று என்றார். குற்றத்தைக் குற்றவாளியின் தலையில் மட்டுமே சுமத்துவது சட்டத்தின் முதற் பாடம். ஒருவன் பிழைக்கு ஓரினத்தையே கூண்டிலேற்றும் அரசுகள் அப்பாடத்தை இந்தப் பெண்மணியிடம் கற்கலாம்.

"இப்பயணிகள் வெள்ளையர், வல்லரசுக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள், ஆதலால் ஏழை நாட்டார் அவர்களை உபசரித்தனர்" என்பது இரண்டாம் வினா. இதிலும் பாதி உண்மை உண்டு. ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவில் ஃபுல்ரன் சிற்றரசர்களின் மாளிகையில் தங்கியதற்கு அவருடைய தோலின் நிறமும் ஒரு காரணமாயிருந்திருக்கலாம். ஆனால் தாய்லாந்துக் குடிசையிலே, விழுந்து காயமுற்ற ஒருத்தியைப் பராமரித்தவர்கள் அவளிடம் எதை எதிர்பார்த்திருக்க முடியும்? வல்லரசின் செல்வாக்கு அரண்மனைக் கதவைத் திறக்கும்; குடிசைக் கதவைத் திறப்பது வேறொன்று. மறுபாதி உண்மையை நாமும் விட்டுவிடப்போவதில்லை. இந்தக் கடவுச்சீட்டுப் பேதமே நம் வாதத்தின் உயிர்நிலை. அதற்குச் சற்றுப் பின்னர் வருவோம்.

"கிராமத்தான் நல்லவன், நகரத்தான் கெட்டவன் என்கின்றீரோ?" என்பது மூன்றாம் வினா. அன்று. 1973 இல், நம் சாட்சிகள் இருவர் புறப்பட்ட அதே ஆண்டில், டார்லி, பட்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டனர். பிரின்ஸ்ரனில் சமயகுருமாராகப் பயிலும் மாணவர் 40 பேரை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குச் சென்று உரையாற்றும்படி அனுப்பினர். வழியிலே ஒரு மனிதன் இருமிக்கொண்டு சுருண்டு கிடக்கும்படி ஏற்பாடு. காலம் தாராளமாக உள்ளதென்று நினைத்தவர்களில் நூற்றுக்கு 63 பேர் நின்று உதவினர். சற்றே அவசரப்பட்டவர்களில் 45 பேர். பிந்திவிட்டதென்று ஓடியவர்களில் பத்துப் பேர் மட்டுமே. அவர்களுட் சிலர் ஆற்றப் புறப்பட்ட உரையின் பொருளோ, வழியிற் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை! அவ்வுரைக்கு ஆயத்தஞ் செய்ததால் உதவி குறிப்பிடத்தக்க அளவு கூடிவிடவில்லை.

இதிலிருந்து பெறப்படுவது யாது? இரக்கம் சிலருக்கு மட்டும் வாய்த்த சீதனம் அன்று. எல்லாரிடமும் உள்ள ஒன்று. அதை அவசரம் கொல்கின்றது. அவசரத்தோடு அதைக் கொல்லும் இன்னொரு பகைவனும் உண்டு. அச்சமே அது. தனியே மெல்ல ஊர்ந்து வந்து, தலைக்கவசத்தைக் கழற்றி, முகத்தைக் காட்டித் தண்ணீர் கேட்பவனிடத்தில் எவருக்கும் அச்சம் எழுவதில்லை. அவன் நம்மைவிட எளியவனாய் நிற்கின்றான். மோட்டார் சைக்கிளோட்டிக்கு உலகம் இரங்கியதன் இரகசியம் இதுவே. அப்படியாயின், அச்சத்தை விளைவிப்பது யார் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

சட்டம் எங்கே நிற்கின்றது?

ஃபுல்ரன் புறப்பட்ட அதே 1932 இல், இலண்டனிற் பிரபுக்கள் சபை புகழ்பெற்ற தீர்ப்பொன்றை வழங்கியது. ஸ்கொத்லாந்திலே சோடாப் போத்தலொன்றில் நத்தை கிடந்ததாகத் தொடுத்த வழக்கு அது. டொனகியூ எதிர் ஸ்டீவன்சன் எனச் சட்ட மாணவர் அனைவரும் அறிந்தது. "சட்டத்தின் கண்ணில் என் அயலான் யார்?" என்னும் வினாவை அட்கின் பிரபு அதில் எழுப்பினார். என் செயலால் நேரே பாதிப்புறக்கூடியவன் எவனோ அவனே என் அயலான். அவனுக்குத் தீங்கு நேராதபடி நான் கவனமாயிருத்தல் வேண்டும் என விடை கண்டார். பெரிய தீர்ப்பே. ஆயினும் எல்லை உடையது. அயலானுக்குத் தீங்கு செய்யாதே என்றதேயன்றி, அயலானுக்கு உதவு என்று அது சொல்லவில்லை. தண்ணீரில் மூழ்கும் அந்நியனைக் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பவன் மீது ஆங்கிலப் பொதுச் சட்டத்திற் பொதுவாக வழக்கில்லை. நம் நாட்டிற் பொதுச் சட்டமாக நிலவும் உரோமன்-டச்சுச் சட்டமும் வெறுமனே வாளாவிருந்தவன் மீது பொதுவிற் பொறுப்பைச் சுமத்துவதில்லை. ஜெர்மனியும் பிரான்சும் இதில் ஒருபடி மேலே சென்றன. ஆபத்தில் உள்ளவனுக்கு இயன்றவிடத்தும் உதவாது செல்வது அங்கே தண்டனைக்குரிய குற்றம்.

தாய்லாந்துக் குடும்பத்தார் எந்தச் சட்டக் கோவையையும் திறந்து பார்த்தாரல்லர். சட்டம் கட்டளையிடாத கடமையை அவர்கள் செய்தனர். ஆதலின், இரக்கத்தைச் சட்டத்தால் உண்டாக்க வேண்டுமென நாம் கேட்கவில்லை, உண்டாக்கவும் இயலாது. ஆனால் சட்டத்தால் இரக்கத்தைக் கொல்ல இயலும். நீதிமன்றங்களில் நாம் காண்பதுதான் இது. வீதி விபத்தைக் கண்டவன் கண்ணை மூடிக்கொண்டு போகின்றான். கல்நெஞ்சன் என்பதாலா? அன்று. காயம்பட்டவனைத் தூக்கினால் பொலிஸ் நிலையமும், வாக்குமூலமும், தவணை தவணையாக மன்றேறலும் வந்து சேரும் என்ற பயம். இந்த உண்மையை உணர்ந்தே இந்திய உச்ச நீதிமன்றம், 2016 மார்ச்சில், விபத்தில் உதவுவோரைத் துன்புறுத்தலாகாது, பெயரைச் சொல்லும்படியும் வற்புறுத்தலாகாது என்னும் விதிகளுக்குச் சட்ட வலு அளித்தது. 2019 இல் பாராளுமன்றமும் மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்பாதுகாப்பைச் சேர்த்தது. உதவும் கையிலிருந்து அச்சத்தை அகற்று என்பதே அதன் சாரம். அரசிடம் நாம் வேண்டுவதும் அதற்கு மேல் அதிகமன்று.

எதிர்த்திசையில் வந்தவர்கள்

இனிக் கடவுச்சீட்டுப் பேதத்துக்கு வருவோம். சிரியாவும் துருக்கியும் ஈரானும் ஆப்கானிஸ்தானும் மேலைநாட்டுப் பயணிகள் கிழக்கு நோக்கிச் சென்ற பெருவழி. 1979 இல் ஈரானிற் புரட்சியும், ஆண்டிறுதியில் ஆப்கானிஸ்தானிற் சோவியத் படையெடுப்பும் நேர்ந்தன. வழி அடைபட்டது. அதன்பின் அவ்வழியே மக்கள் எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கினர். அவர்களிடம் மோட்டார் சைக்கிளும் இல்லை. வண்டியைச் சுங்கம் கடத்தும் உறுதிச்சீட்டும் இல்லை. வண்டிக்குக்கூட ஒரு கடவுச்சீட்டு உண்டு, அகதிக்கு இல்லை என்பது இவ்வுலகின் நீதி.

இவர்களை முதலில் ஏற்றவர் யாவர்? 1990 அளவில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்கானியருக்கு இடங்கொடுத்தவை பெரும்பாலும் பாகிஸ்தானும் ஈரானுமே. பின்னர் சிரியாவிற் போர் மூண்டபோது 35 இலட்சத்துக்கும் அதிகமான சிரியருக்கு இடங்கொடுத்தது துருக்கி. தனித்து வந்த ஐரோப்பியனுக்குத் தேநீர் ஊற்றிய அதே நாடுகள்! அந்நாட்டு அரசுகளும் குற்றமற்றவையல்ல. 2023 ஒக்டோபரில், பத்திரமில்லாத ஆப்கானியர் அனைவரும் ஒரு மாதத்துள் வெளியேற வேண்டுமெனப் பாகிஸ்தான் அரசு ஆணையிட்டது, இலட்சக்கணக்கானோர் விரட்டப்பட்டனர். மக்கள் திறந்த கதவை அரசு மூடிய கதை அங்கும் உண்டு.

ஐரோப்பா என்ன செய்தது? 2015 செப்டம்பரில் ஹங்கேரி தன் செர்பிய எல்லையில் முள்வேலியை முடித்தது. 2018 இல், புகலிடம் கேட்போருக்கு உதவி செய்வதை ஒழுங்கமைப்போரைச் சிறையிலிடலாம் எனச் சட்டமியற்றியது. 2021 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அச்சட்டம் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. பிரான்சிலோ, இத்தாலிய எல்லையோரத்து ரோயாப் பள்ளத்தாக்கில் ஒலிவ் பயிரிடும் செட்ரிக் ஹெரூ என்னும் விவசாயி, மலை கடந்து வந்த ஏதிலியருக்கு உணவும் தங்க இடமும் கொடுத்தார். அதற்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டார். ஆபத்தில் உள்ளவனுக்கு உதவாதது குற்றம் என்ற அதே நாட்டில் உதவியதும் குற்றமாயிற்று! 2018 யூலை 6 ஆம் நாள், பிரான்சின் அரசியலமைப்புப் பேரவை ஒரு முடிவு கூறியது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் முழக்கத்திலுள்ள சகோதரத்துவம் வெறும் அலங்காரச் சொல்லன்று. அது அரசியலமைப்புத் தத்துவம். ஒருவன் நாட்டில் இருப்பது சட்டப்படியா அன்றா என்று பாராமல், மனிதாபிமான நோக்கோடு அவனுக்கு உதவும் சுதந்திரம் அதிலிருந்து பிறக்கின்றது என்றது பேரவை. எல்லையைக் கடந்து உள்ளே வருவதற்குத் துணைபோவதை அப்பாதுகாப்பினுள் அது சேர்க்கவில்லை. முழு வெற்றியன்று, ஆயினும் அரை நூற்றாண்டில் மனிதாபிமானத்துக்குச் சட்டம் செலுத்திய பெரிய வணக்கங்களுள் அஃது ஒன்று.

ஹெரூவின் செயலையும் பயணிகளின் கதையையும் ஒருங்கே வைத்து நோக்குக. டோத்வில் அம்மையார் ஆப்கானிஸ்தானத்து வழியே தனித்துச் சென்றது 1973 இல். அந்நாட்டாரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பின்னர் அவருடைய தாய்நாட்டின் கதவைத் தட்டினர். பெற்ற கடனை அடைக்க வந்த வாய்ப்பு அது. ரோயாப் பள்ளத்தாக்கு விவசாயி போன்றோர் கடனை அடைத்தனர். அரசு அவர்கள் மீது வழக்குப் போட்டது. தனிவழிப் பயணிகளின் நூல்களை மக்கள் விரும்பி வாசிக்கின்றனர். அயலாரின் அன்பைக் கண்டு உருகுகின்றனர். அந்த அயலார் தம் வாசலுக்கு வரும்போது வேலி எழுப்பும் கட்சிகளுக்கும் அவர்களிற் பலரே வாக்களிக்கின்றனர். பெறும்போது அன்பு, கொடுக்கும்போது சட்டமா? இத்தகைய கணக்கை எந்த நீதிமன்றமும் ஏற்காது.

நமக்குரிய பங்கு

பிறரை நோக்கி விரலை நீட்டுவது எளிது. நம் கணக்கையும் பார்த்தாக வேண்டும். 1983 இன் பின் உலகெங்கும் சிதறிய தமிழர் அயலாரின் அன்பிற் பிழைத்த கதைகள் ஒன்றா, இரண்டா? 1986 ஆகஸ்டில், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், 150 பேருக்கும் மேற்பட்ட ஈழத்தமிழர் இரு உயிர்காப்புப் படகுகளில் மூடுபனியிடையே தத்தளித்தனர். அவர்களைக் கண்டு ஏற்றியவர்கள் அவ்வூர் மீனவர்கள். விசா உண்டா என்று கடலில் எவரும் வினவவில்லை. ஆகவே, கடன்பட்டோர் வரிசையில் நாமும் நிற்கின்றோம்.

2024 டிசம்பரில் அக்கடனைச் செலுத்தும் வேளை முல்லைத்தீவுக் கரைக்கே வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட றோகிஞ்சா மக்களோடு ஒரு படகு முள்ளிவாய்க்காலுக்கு அண்மையில் ஒதுங்கிற்று. குழந்தைகளும் அதில் இருந்தனர். அவ்வூரார் உணவு கொடுத்தனர். தம் மண்ணில் யாவற்றையும் இழந்தவர்கள், தம்மைவிட எளியவராய் வந்தவருக்குக் கொடுத்தனர். தாய்லாந்துக் குடிசையில் நிகழ்ந்ததும் இதுவேயன்றோ? மக்கள் தம் பங்கைச் செய்தனர். ஆனால் 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இலங்கை இணையவில்லை. கடலாற் கரை சேர்ந்தவன் இங்கு அகதி என்னும் பெயரைத் தானும் சட்டத்திற் பெறுவதில்லை; குடிவரவுச் சட்டத்தை மீறியவனாகவே நடத்தப்படுகின்றான்.

ஆகவே நாம் கோருவன மூன்று. உதவுபவனை எந்நாட்டுச் சட்டமும் குற்றவாளியாக்கலாகாது. அயலானை விசாரிப்பதற்கு முன் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தல் அதிகாரிகளின் விதியாதல் வேண்டும். இலங்கை அகதிகள் உடன்படிக்கையில் இணைதல் வேண்டும். இவற்றுக்குப் பொருட்செலவு பெரிதன்று. ஏழைக் குடும்பங்கள் தாங்கிய சுமையை அரசுகள் தாங்கமாட்டா என்பது நம்பத்தகுந்த வாதமன்று.

தனிவழிப் பயணிகளின் சாட்சியத்தை ஆய்ந்தபின் நாம் காணும் முடிவு இதுவே: உலக மக்கள் பொல்லாதவரல்லர், பொல்லாதவரென்று ஒருவரைப் பற்றி ஒருவருக்குச் சொல்லிக் கொடுக்கப்படுகின்றது. அப்பாடத்தைக் கற்பிக்கும் அரசுகளைத் தெரிவு செய்வோர் மக்களே. முன்பின் அறியாதவன் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்த எவனுக்கும், அடுத்த வழிப்போக்கன் வரும்போது கதவை மூடும் உரிமை இல்லை. அக்கடனை அடைக்கும் இடம் வீட்டு வாசல் மட்டுமன்று, வாக்குச்சாவடியுமே.